மேட்டைத் தள்ளிப் புதைத்த பெட்டிகள்

கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
2024 மார்ச் 3

தம்பி கிருஷாந்துக்கு,

மாரியம்மன் துணை.

நேற்றுப் பின்னேரம் எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவில் இருந்தவர்கள்: நான், என் மாமியார் அழகம்மா, மகள் டிலக்ஷனா, பக்கத்துக் காம்பரா தங்கம்மா அக்கா, கோயில் கமிட்டித் தலைவர் காத்தமுத்து ஐயா, கொழும்பு ஏஜென்சியிலிருந்து வந்த மனிதர். அவருடைய டிரைவர் உள்ளே வரவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். கோயில் கணக்கு எழுதி எழுதி எனக்கு இப்படியே பழகிவிட்டது. யார் முன்னால் எது நடந்தது என்று எழுதாவிட்டால், பிறகு அது நடக்கவே இல்லை என்பார்கள்.

ஏஜென்சி மனிதர் ஒரு தாளை நீட்டினார். அங்கே பாலைவனத்தில் உன் மச்சான் செத்தது பற்றி உங்கள் எண்ணெய்க் கம்பனி எழுதிக் கொடுத்தது. மேலே ஆங்கிலம், கீழே சிங்களம். "அத்சன விதரய் நங்கி" என்றார். கையெழுத்து மட்டும்தானாம் தங்கச்சி, போட்டால் நஷ்டஈடு தன்னால் வருமாம்.

நான் சிங்களத்தை வாசித்து வாசித்து மாமிக்கும் காத்தமுத்து ஐயாவுக்கும் தமிழில் சொன்னேன். சந்திரபோஸ் என்ற தொழிலாளி அனுமதி இல்லாமல் வேலிக்குள் போய், மூடி வைத்திருந்த பழைய எண்ணெய்க் கிணற்றின் வால்வைத் திறந்தார். விஷவாயு வந்தது. இறந்தார். தவறு அவருடையது மட்டும்.

மாமி முந்தானையைக் கீழே விட்டுவிட்டுக் கேட்டார்: "எம்மவனா தொறந்தான்? யாரு பாத்தா?"

அந்த மனிதர் தாளின் அடியில் விரலை வைத்தார். கண்ணால் கண்ட சாட்சி என்று போட்டு ஒரு கையெழுத்து. பெயரை அவர் வாசிக்கத் தேவை இருக்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே கோடு இழுத்து இரண்டு புள்ளி வைக்கிற பழக்கம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? சிலேட்டில் உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான்.

தங்கம்மா அக்காதான் வாய் திறந்தார். "சொந்த மச்சினனே சாச்சி போட்டுட்டான். இனி என்னத்த பேச?"

நான் பேனையை மூடி அந்த மனிதரிடமே கொடுத்தேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மச்சானைப் புதைத்த அன்றைக்கும் நீ வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக்கோடு விழுகிறது, பதில் விழவில்லை. கடிதமென்றால் கையில் இருக்கும், மூடி வைக்க முடியாது. உங்கள் கேம்பில் மொழிபெயர்க்கிற மக்கீன் நானா லீவு முடிந்து ரம்புக்கனையிலிருந்து புறப்படுகிறாராம். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் டிலக்ஷனாவிடம் ஒரு பிள்ளை, "ஒங்கப்பாதானே பைப்பத் தொறந்தாரு" என்று கேட்டிருக்கிறது. அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் அதையே கேட்டாள். நான் உன்னிடம் கேட்கிறேன். நீ பார்த்தாயா?

அக்கா,
சுதர்ஷினி


கேம்ப்
2024 மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மக்கீன் நானா கையில் தந்துவிட்டுப் போனார். போன் எடுக்காததற்குக் கோபிக்க வேண்டாம். கேம்ப் வைஃபையில் நாம் பேசுவதை யார் கேட்கிறான் என்று யாருக்கும் தெரியாது. எல்லோருமே இப்போது வீட்டோடு பேசுவதைக் குறைத்துவிட்டார்கள்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. விடியும் முன்னே லாரியில் ஏற்றிப் போகிறார்கள். மண்ணில் பெட்டி புதைப்பது, தோண்டி எடுப்பது, திரும்பப் புதைப்பது. நாய்க்கு எலும்பு மாதிரி என்று மச்சான் கேலி பண்ணுவார், ஞாபகம் வருகிறது.

அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது அக்கா. எனக்கு முழுக்க விளங்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். போடாதவன் யாரும் இங்கே இருக்க முடியாது.

நீங்களும் போட்டுவிடுங்கள். மச்சான் திரும்பி வரப்போவதில்லை. காசு வந்தால் டிலக்ஷியைப் படிக்க வைக்கலாம். ஊர் வாய் ஒரு மழைக்காலம் பேசும், பிறகு வேறு கதை கிடைக்கும். அவரை இங்கே கூப்பிட்டவன் நான். எனக்கு நோகவில்லை என்று நினைக்க வேண்டாம்.

மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

தம்பி,
கிருஷாந்த்


கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
2024 ஏப்ரல் 17

தம்பி,

மாரியம்மன் துணை.

வருஷப் பிறப்புக்கு நாங்கள் அடுப்பில் பலகாரம் வைக்கவில்லை. கோயிலுக்கு மட்டும் எண்ணெய் கொண்டுபோனேன்.

நான் கேட்டது ஒரு கேள்வி. பார்த்தாயா என்று. நீ வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆங்கிலம் விளங்கவில்லை என்கிறாய். விளங்காததை விளங்கப்படுத்தத்தானே மக்கீன் நானாவுக்கு அங்கே சம்பளம்?

போன தீபாவளிக்கு நீயும் மச்சானும் ஒரே போனில் முகத்தைக் காட்டிப் பேசினீர்கள். உன் வேலை என்னவென்று மாமி கேட்டார். நீ சொன்னாய், லாரி ஒன்று நிலத்தைத் தட்டி அதிர வைக்கும், அந்தச் சத்தம் பூமிக்குள்ளே ஆழத்தில் கல்லிலே பட்டுத் திரும்பி வரும், நாங்கள் புதைக்கிற பெட்டி அதைக் கேட்டு வைத்துக்கொள்ளும், அதிலிருந்து உள்ளே இருப்பதைப் படமாக எடுப்பார்கள் என்று. மாமி சொன்னது நினைவிருக்கிறதா? "பூமிக்கு ஸ்கேன் எடுக்குறானுங்களா? ஏன், மாசமா இருக்கா?" உன் மச்சான் சிரித்துச் சிரித்து இருமினார்.

பிறகு மச்சான் விளக்கினார். எண்ணெய் தானாக மேலே வராதாம். கம்பனி ஒரு பக்கத்தால் தண்ணீரைப் பூமிக்குள் அழுத்தி விட்டு, எண்ணெயை மறு பக்கக் கிணறுகளுக்குத் தள்ளுகிறதாம். தண்ணீர் எங்கே போகிறது, எண்ணெய் எங்கே மிச்சம் என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. அதனால் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு படம், அதே இடத்தில் இப்போது ஒரு படம். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மாறினது மட்டும் நிறமாக நிற்கும். அதைப் பார்த்து எந்தக் கிணற்றை ஓட விடுவது, எதை மூடுவது என்று முடிவு எடுப்பார்கள்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. கோயில் விளக்கெண்ணெயை நான் போன வருஷமும் இந்த வருஷமும் ஒரே செம்பால்தான் அளக்கிறேன். செம்பை மாற்றினால் எண்ணெய் குறைந்ததா செம்பு பெருத்ததா என்று எப்படிச் சொல்வது? நீயும் அதைத்தான் சொன்னாய். பெட்டி அன்றைக்கு இருந்த அதே இடத்தில் இருக்க வேண்டும், ஒரு சாண் தள்ளினாலும் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள் என்றாய்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? உன் மச்சான் கடைசியாக என்னோடு பேசியபோது சொன்னதை நான் மறக்கவில்லை. "கிருஷாந்த் ஆளுங்க எடுத்த படத்துல, நான் மீட்டர் பாக்குற பழைய கெணத்துப் பக்கம் செவப்பா விழுந்திருக்காம் சுதா. அந்தப் பக்கம் இப்ப பெரியவனுங்க யாரும் வாறதில்ல. என்னய மட்டும் போகச் சொல்றானுங்க."

நான் என்ன சொன்னேன்? "சாமியைக் கும்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.

இங்கே ரப்பருக்கு மருந்து பூசிப் பால் இழுக்கிறார்களே, பேராசைப்பட்டுப் பூசின மரத்தில் என்ன நடக்கிறது? கத்தி பட்ட இடத்தில் பால் வராது. கத்தியே படாத இடத்தில் பட்டை வெடிக்கும். அழுத்தி விட்ட தண்ணீரும் அப்படி ஒரு பழைய, துருப்பிடித்த குழாயைத் தேடி வந்திருக்கலாம் அல்லவா? யாரும் வால்வைத் தொடாமலே?

நான் படித்தவள் இல்லை. பிழையாக இருந்தால் திருத்து. ஆனால் மூன்றுக்குப் பதில் சொல். வால்வைத் திறந்ததைப் பார்த்தாயா? சிவப்பு விழுந்த படம், மச்சானை அனுப்பும் முன்னேயே அவர்கள் கையில் இருந்ததா? இருந்தால் ஏன் அனுப்பினார்கள்?

அக்கா


கேம்ப்
2024 மே 21

அக்கா,

இதை மக்கீன் நானாவின் ஆள் ஒருவர் ஊருக்குக் கொண்டுவருகிறார். வாசித்த பிறகு என்ன செய்வீர்களோ தெரியாது.

நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. வாயு அடித்து சைரன் ஊதினபோது நான் லாரியில் இருந்தேன். முகமூடி போட்டுக்கொண்டு தூக்கப் போனவர்களில் நானும் ஒருவன். மச்சான் வேலிக்கு உள்ளே அல்ல, வெளியே, மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். பேனை கையில் இருந்தது. வால்வுச் சக்கரத்தில் சுற்றியிருந்த சங்கிலி அப்படியே இருந்தது. பூட்டும் இருந்தது. குழாய் அடியில், மண்ணோடு சேருகிற இடத்தில் பிளந்திருந்தது. நீங்கள் எழுதின ரப்பர் மரம் மாதிரி.

தாளையும் மக்கீன் நானா எனக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "யோசிச்சுப் போடு மகன்" என்றார். எனக்கு முழுக்க விளங்கித்தான் போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

அந்தக் கிணற்றுக்குக் கிட்டப் போகிற வரிசையில் பெட்டி புதைத்தது என் கூட்டம். கையில் ஒரு கருவி தருவார்கள். சரியான இடத்துக்கு வந்தால் அது கத்தும். கத்துகிற இடத்தில் புதைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு இடத்தில் கத்தினது. பார்த்தால் ஒரு மேடு. ஆள் நீளம். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். ஆடு மேய்க்கிறவர்கள் யாரையோ வழியில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன் வந்த கூட்டம் அதன் நெஞ்சிலேயே பெட்டி வைத்திருக்கிறது.

எனக்கு மண்வெட்டி போடக் கை வரவில்லை அக்கா. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி, ரப்பர் மலைக் குறுக்கால் ஓடி, புதைகாட்டில் ஒரு குழிமேட்டைத் தாண்டிக் குதித்தேனே. நீங்கள் என் காதைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோய் அந்த மேட்டுக்கு முன்னால் கும்பிட வைத்தீர்கள். "யார் பெத்த பிள்ளையோ, மிதிக்காத, சுத்திப் போ" என்றீர்கள். அதுதான் கையைப் பிடித்தது. அந்த மேட்டைச் சுற்றி வந்த நாலைந்து பெட்டிகளை மட்டும் கொஞ்சம் தள்ளிப் புதைத்தேன். ஒளிக்கவில்லை. மேஸ்திரியிடம் சொன்னேன், அவரும் குறித்துக்கொண்டார்.

பிறகு படம் வந்தது. சிவப்பு. மேட்டின் அளவு அல்ல, அதைத் தாண்டி மச்சானுடைய கிணறு வரை ஒரு குளம் மாதிரிப் பரந்திருந்தது. தண்ணீரும் அழுத்தமும் போகக் கூடாத மேல் அடுக்குக்கு ஏறியிருக்கிறது, அந்தப் பழைய கிணற்றைச் சுற்றி ஆளை எடுங்கள் என்று ஒரு இளைய எஞ்சினியர் சொன்னாராம். பெரியவர் கேட்கவில்லையாம். பூமி மாறவில்லை, அந்த லேபர் பையன் பெட்டியை மாற்றி வைத்ததுதான் நிறமாகத் தெரிகிறது, அடுத்த சுற்றில் சரியாக வைத்து எடுத்துப் பார்ப்போம், அதுவரை தண்ணீரும் ஓடட்டும், மீட்டரும் பார்க்கட்டும் என்று முடித்துவிட்டாராம். மக்கீன் நானா அந்த அறையில் தேத்தண்ணீர் வைக்கப் போனவரோடு நின்று கேட்டது.

அந்த 'அதுவரை'யில்தான் மச்சான் போனார்.

சங்கிலி பூட்டியிருந்தது என்று நான் சொன்னால், பிறகு ஏன் வெடித்தது என்பார்கள். ஏன் மூடவில்லை என்பார்கள். கடைசியில் அந்த மேட்டில் வந்து நிற்கும். மச்சானைக் கொன்றது கிருஷாந்த் என்று எழுதுவார்கள். அதை நீங்கள் வாசிப்பீர்கள். மாமி கேட்பார். அதற்குப் பயந்து போட்டேன்.

அடுத்த சுற்று ஆகஸ்டில். இந்த முறை கத்துகிற இடத்திலேயே புதைக்கச் சொல்லிவிட்டார்கள். அதே வரிசையில் இன்னொரு பழைய கிணறு இருக்கிறது. அதற்கு மீட்டர் பார்க்க ஒரு நேபாளப் பையன் வந்திருக்கிறான். மச்சானுடைய தொப்பியை ஸ்டோரில் கழுவி அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கள்.

கிருஷாந்த்


கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
2024 ஜூன் 12

தம்பி,

மாரியம்மன் துணை.

உன் கடிதத்தை முதலில் நான் தனியாக வாசித்தேன். பிறகு மாமிக்கு வாசித்தேன். மறைத்து வாசிக்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வாயைத் திறந்ததும் முடியவில்லை. முழுவதும் வாசித்தேன்.

மாமி அரிசிச் சுளகைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "யாரோ ஒருத்தனோட பொதகுழிய மிதிக்க மாட்டேன்னான். எம்மவனத்தான் மிதிச்சிட்டான்."

அதில் எந்தச் சொல்லை எடுத்துவிட முடியும்?

நான் இரண்டு நாள் விளக்கு வைக்கும்போதெல்லாம் இதைத்தான் யோசித்தேன். உன் காதைப் பிடித்துக் கும்பிட வைத்தவள் நான். அப்படியென்றால் அந்த மேட்டில் உன் கையைப் பிடித்ததும் நான். அதனால் என் புருஷன் செத்தாரா என்று அம்மனிடம் கேட்டேன். பிறகு எனக்கே தெளிந்தது. நீ தள்ளியது நாலைந்து பெட்டி. சிவப்பு குளம் மாதிரி என்று நீயே எழுதியிருக்கிறாய். கோயில் எண்ணெயில் ஒரு நாள் செம்பு மாறிவிட்டால் அந்த ஒரு நாள் கணக்குச் சந்தேகம். வருஷக் கணக்கையே கிழிப்பாயா? அந்தப் பெரியவருக்குத் தண்ணீரை நிறுத்த மனம் இல்லை. காரணம் தேடினார், உன் மேடு கிடைத்தது. சந்தேகம் வந்தால் ஆளை எடுத்துவிட்டுத்தானே திரும்ப அளக்க வேண்டும்? ஆளை நிறுத்தி வைத்துவிட்டு அளப்பார்களா?

ஆகவே மேட்டுக்காக நீ அழ வேண்டாம். ஒளிக்காமல் சொன்னாய். அதுவரை நீ நான் வளர்த்த பிள்ளை.

சங்கிலியை உன் கண்ணால் பார்த்துவிட்டு, அவர் திறந்தார் என்று போட்டாயே, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அது நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

என்ன செய்ய என்று கேட்டாய். தமிழில் எழுது, போதும். நீ பார்க்கவில்லை என்பதை எழுது. சங்கிலி, பூட்டு, பிளந்த குழாய், அவர் வேலிக்கு வெளியே கிடந்தது. பெட்டியை எங்கே தள்ளினாய், எங்கே தள்ளவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுது. படம் முன்னேயே வந்துவிட்டது என்பதையும். கையெழுத்துப் போடு. நான் கொழும்பில் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுப்பேன். உன் வேலை போகலாம். போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா


கேம்ப்
2024 ஜூலை 2

அக்கா,

எழுத உட்கார்ந்தேன். மூன்று தரம் கிழித்தேன்.

பாஸ்போர்ட் கம்பனி மேசை லாச்சியில் பூட்டி இருக்கிறது. விசா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கிற வரைக்குமாவது பொறுங்கள். மக்கீன் நானாவை வேறு கேம்புக்கு மாற்றிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை.

அந்த நேபாளப் பையன் எங்கள் லாரியில்தான் வருகிறான். தமிழ் வார்த்தை கேட்டுக் கேட்டுப் பழகுகிறான். நேற்று என்னை "மச்சான்" என்றான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

கிருஷாந்த்


கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
2024 ஜூலை 18

தம்பி,

மாரியம்மன் துணை.

நேற்று ஏஜென்சி மனிதர் இரண்டாம் முறை வந்தார். இருந்தவர்கள்: நானும் மாமியும் மட்டும். மற்றவர்கள் இப்போது நம் காம்பராப் பக்கம் வருவது குறைவு. காத்தமுத்து ஐயா கோயில் கணக்கை வேறு யாரிடமாவது கொடுப்போமா என்று கேட்டார். சாவுத் தீட்டு என்றார். அது தீட்டு இல்லை, எனக்குத் தெரியும். கம்பனியோடு மல்லுக்கு நிற்கிறவள் கையில் கோயில் சாவி இருக்க வேண்டாமாம்.

இந்த மாதம் முடிவதற்குள் கையெழுத்து வைக்காவிட்டால் நஷ்டஈடு இல்லை என்றார் ஏஜென்சி மனிதர். நான் பதில் சொல்வதற்கு முன்னே மாமி எழுந்து கதவைத் திறந்து விட்டார். "போய்ட்டு வாங்க மாத்தயா" என்றார். அவ்வளவுதான்.

நான் கொழும்புக்குப் போய், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் விஷயம் பார்க்கிற அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். சிங்களத்தில் நானே எழுதினேன். அங்கிருந்த பெண் நல்லவள், இரண்டு தரம் வாசித்தாள். "அக்கே, இவங்க பக்கம் கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறார். உங்கள் பக்கம்?" என்றாள். சாட்சியின் பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டு முறைப்பாட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். ஆகஸ்ட் நடுவில் அவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்களாம். நீங்கள் திரும்பப் பெட்டி புதைக்கப் போகிறதும் ஆகஸ்டில்தானே.

விசா வரைக்கும் பொறுக்கச் சொல்கிறாய். அடுத்த சுற்று எடுத்துப் பார்ப்போம், அதுவரை ஓடட்டும் என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அதே பேச்சுத்தான் இதுவும். அந்த 'அதுவரை'யில் இப்போது நிற்கிறது யார் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் லாரியில் வருகிறான், உன்னை மச்சான் என்கிறான். அவன் வீட்டிலும் இப்போது யாரோ ஒருத்தி, சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருப்பாள்.

மாமி இந்தக் கடிதத்தில் ஒன்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: "அவன் வந்து காரியம் செய்ய வேணாம். எங்கிட்ட மன்னிப்பும் கேக்க வேணாம். பூட்டு இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதட்டும்."

டிலக்ஷனா மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எழுதுவாயா, மாட்டாயா? மாட்டாய் என்றாலும் அதையே எழுது, நான் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். எதுவானாலும் இந்தக் கடிதம் கண்டதும் பதில் போடு.

அக்கா,
சுதர்ஷினி